கீறல் விழுந்த தொட்டியை வாங்கலாம், காய்ந்து கிடந்த தொட்டியை?

பழைய பொருள்கள் கைமாறும் கரோசல் போன்ற செயலிகளில் “மீன் தொட்டி” என்று தேடிப் பாருங்கள். கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவே அவ்வப்போது பெரிய அக்ரிலிக் தொட்டி ஒன்று கண்ணில் படும். பெரும்பாலும் அரோவானா வளர்த்தவருடையதாக இருக்கும். மீன் போயிருக்கும், அல்லது வீடு மாறுவார்கள். புதிதாகச் செய்யக் கொடுத்தால் ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் விலை. சில நேரம் “வந்து தூக்கிக்கொண்டு போனால் போதும்” என்றே போட்டிருப்பார்கள். கூடவே இரண்டு வாக்கியங்கள் தவறாமல் இருக்கும்: “கசிவு இல்லை”, “சில கீறல்கள் மட்டும் உண்டு”.

முதல் வாக்கியம் சொல்வது மிகக் குறைவு. இரண்டாவது வாக்கியம் அநேகமாகப் பொருட்டே இல்லை. வாங்கப் போகிறவரோ இந்த இரண்டை வைத்துத்தான் முடிவெடுக்கிறார். கீறலைத் தடவிப் பார்க்கிறார், பேரம் பேசுகிறார், வேன் பிடிக்கிறார். அந்தத் தொட்டி எத்தனை மாதம் காலியாகக் காய்ந்து கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி அதுதான். கீறல் நிறைந்த, ஆனால் இன்னும் தண்ணீரும் மீனுமாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியா, பளபளவென்று துடைத்து மூன்று ஆண்டுகளாகத் தாழ்வாரத்தில் நின்ற தொட்டியா என்றால், நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

காரணம் அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அக்ரிலிக் என்பது பாலிமெத்தில் மெத்தகிரிலேட் எனும் நெகிழி. கண்ணாடியைப் போலத் தெளிவானது, எடை அதில் பாதிகூட இல்லை, அடி தாங்கும் திறன் பல மடங்கு அதிகம். செந்தோசாவில் 1991-இல் திறக்கப்பட்ட ‘அண்டர்வாட்டர் வேர்ல்ட்’ காட்சியகத்தின் 83 மீட்டர் சுரங்கப்பாதையை நினைவிருப்பவர்கள் இருப்பீர்கள். தலைக்கு மேல் சுறா நீந்த, நாம் நடந்து போனது அக்ரிலிக் வளைவுக்குக் கீழேதான். இப்போது அதே தீவில் உள்ள பெரிய கடல் காட்சியகத்தின் 36 மீட்டர் அகலப் பார்வைச் சுவரும் அக்ரிலிக்தான். ஆக, பொருள் பலவீனமானது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அதற்கென்று சில குணங்கள் உண்டு. அது தண்ணீரை உறிஞ்சும். நீண்ட நாள் தண்ணீரில் இருந்தால் தன் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு வரை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சினால் சற்றே உப்பும், காய்ந்தால் சற்றே சுருங்கும். வெப்பத்திலும் அப்படித்தான். கண்ணாடியைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு அதிகமாக விரியும். 1.2 மீட்டர் நீளத் தொட்டியை மதிய வெயில் படும் தாழ்வாரத்தில் வைத்து, அது 20 டிகிரி சூடேறினால், நீளவாக்கில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். மாலையில் மறுபடி சுருங்கும். நாள்தோறும் இப்படி.

பல ஆண்டுகள் தண்ணீர் நிறைந்திருந்த தொட்டியின் உட்பக்கம் ஈரத்தில் ஊறிப்போயிருக்கும். அதைக் காலி செய்து வெயிலிலோ குளிர்சாதன அறையிலோ நிறுத்தினால் மேற்பரப்பு முதலில் காயும், சுருங்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் ஈரமான பகுதி அதைச் சுருங்க விடாது. விளைவு, மேற்பரப்பு இழுபட்ட நிலையில் நிற்கும். அந்த இழுப்பு அளவு மீறினால் தலைமுடியைவிட மெல்லிய வெடிப்புகள் தோன்றும். முதலில் கண்ணுக்கே தெரியாது. மறுபடி தண்ணீர் நிரப்பும்போது அழுத்தம் முதலில் தேடிப் பிடிப்பது அந்த வெடிப்புகளைத்தான்.

இதை மிகைப்படுத்துவதாக நினைப்பவர்களுக்கு பெர்லினை நினைவூட்டுவேன். அங்கே ஒரு ஹோட்டலின் முற்றத்தில் நின்ற ‘அக்வாடோம்’ எனும் உருளை வடிவ அக்ரிலிக் தொட்டி 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் ஒரேயடியாக வெடித்துச் சிதறியது. பத்து லட்சம் லிட்டர் தண்ணீர், ஏறத்தாழ 1,500 மீன்கள். தண்ணீர் ஹோட்டலைத் தாண்டித் தெருவுக்குப் பாய்ந்தது. இருவர் காயமடைந்தனர். பகலில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்புதான் அந்தத் தொட்டி தண்ணீர் வடிக்கப்பட்டுப் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டிருந்தது. 2023-இல் வந்த நிபுணர் அறிக்கையால் இதுதான் காரணம் என்று உறுதியாகக் கூற முடியவில்லை. மூன்று சாத்தியங்களை முன்வைத்தது: ஒட்டப்பட்ட இணைப்பு விட்டுப்போயிருக்கலாம், புதுப்பிப்பின்போது அடிப்பகுதியில் ஏற்பட்ட ஒரு வெட்டுத் தடம் காரணமாக இருக்கலாம், நீண்ட நாள் காலியாக நின்றதால் அக்ரிலிக் காய்ந்துபோனது காரணமாக இருக்கலாம்.

வீட்டுத் தொட்டியை அந்த ராட்சதத் தொட்டியோடு ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். அளவில் ஒப்பீடே இல்லைதான். ஆனால் அந்த மூன்று சாத்தியங்களையும் திரும்பப் படியுங்கள். இணைப்பு, வெட்டுத் தடம், காய்தல். பழைய தொட்டி ஒன்றை வாங்கப் போகும்போது நாம் பார்க்க வேண்டியவையும் அநேகமாக இவைதான். நிபுணர்களாலேயே நடந்த பிறகு அறுதியிட்டுச் சொல்ல முடியாததை, விற்பவர் நடப்பதற்கு முன்பே “ஒன்றும் ஆகாது” என்று உறுதி கூறுவதுதான் வேடிக்கை.

சரி, வீட்டுத் தொட்டியில் எவ்வளவு விசை வேலை செய்கிறது? நீளம் 120 சென்டிமீட்டர், உயரமும் அகலமும் 60 என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு வரை நிரம்பினால் 432 லிட்டர். முன்பக்கச் சுவரை மட்டும் தண்ணீர் வெளியே தள்ளும் விசை 216 கிலோ எடைக்குச் சமம். மூன்று பெரிய ஆண்கள் இரவும் பகலும் ஓய்வில்லாமல் சாய்ந்து தள்ளிக்கொண்டிருப்பதுபோல. தொட்டியின் அகலம் கூடினாலும் குறைந்தாலும் இந்த விசை மாறாது. முன்சுவரின் நீளமும் தண்ணீரின் ஆழமும்தான் கணக்கு. அதிலும் ஆழத்தின் பங்கு பெரிது. ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். “உயரம் கொஞ்சம்தான் கூடுதல்” என்று விற்பவர் சொல்லும்போது இதை மனத்தில் வையுங்கள்.

இந்தத் தள்ளுதலுக்கு அக்ரிலிக் வளைந்து கொடுக்கும். விறைப்பில் அது கண்ணாடியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவேதான் அக்ரிலிக் தொட்டிகளின் மேல்விளிம்பில் உட்பக்கமாக அகலமான சட்டம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். சுவர்கள் பிதுங்காமல் பிடித்து வைப்பது அதுதான். பெரிய வடிகட்டி வைக்க இடம் போதவில்லை என்று அந்தச் சட்டத்தை அறுத்துவிட்ட தொட்டி விற்பனைக்கு வந்தால், விலையைக் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் நேரில் போய் எதைப் பார்ப்பது? டார்ச் விளக்கும் அளவுகோலும் போதும். கைத்தொலைபேசியின் விளக்குகூடச் சமாளிக்கும். அறையின் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். ஒளியைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் எதுவும் தெரியாது. சாய்வாக அடிக்கும்போது, உள்ளே நுண்வெடிப்புகள் இருந்தால் வெள்ளி இழைகள்போல் மின்னும். கீறலுக்கும் அதற்கும் வித்தியாசம் சுலபம். கீறல் மேற்பரப்பில் கிடக்கும், நகத்தால் வருடினால் தட்டுப்படும், கண்டபடி திசை மாறி ஓடும். நுண்வெடிப்புகள் நகத்துக்கு அகப்படாமல் ஒன்றுக்கொன்று இணையாக, கூட்டமாக நிற்கும். அடிமூலைகள், சட்டத்தில் வெட்டிய துளைகளின் மூலைகள், குழாய்க்காகத் துளையிட்ட இடங்கள், இணைப்புக் கோடுகளின் ஓரம் ஆகியவற்றில்தான் முதலில் தேட வேண்டும். அங்கே அவை கூட்டமாக இருந்தால் எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். மெருகேற்றினால் போய்விடும் என்பார்கள். மெருகேற்றினால் கீறல் போகும். இது போகாது.

அடுத்தது இணைப்புகள். நல்ல அக்ரிலிக் தொட்டியில் பசை என்று தனியாக எதுவும் தெரியாது. டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பானால் இரண்டு தகடுகளின் விளிம்பையும் இளக்கி ஒன்றாக்கியிருப்பார்கள், அல்லது அக்ரிலிக்காகவே உறையும் இருகூட்டுப் பசையால் நிரப்பியிருப்பார்கள். எப்படியானாலும் அந்தக் கோடு கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு குமிழிகள் இருப்பது கைவேலையின் அடையாளம், பயப்பட வேண்டாம். குமிழிகள் வரிசையாகக் கோத்தாற்போல் இருந்தாலோ, கோட்டின் ஒரு பகுதி மட்டும் வெள்ளையாகவோ கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பிக்கொண்டோ தெரிந்தாலோ, அங்கே தகடுகள் பிரிந்து நடுவில் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள்.

ஒரு தடயம் மட்டும் நூற்றுக்கு நூறு கவனிக்கத்தக்கது: உள்மூலைகளில் சிலிக்கோன் பூசியிருப்பது. கண்ணாடித் தொட்டிக்குச் சிலிக்கோன்தான் உயிர். அக்ரிலிக்கிலோ அது சரியாக ஒட்டவே ஒட்டாது, நாளடைவில் உரிந்து வரும். அக்ரிலிக் தொட்டியில் யாரோ சிலிக்கோன் பூசியிருக்கிறார் என்றால் அது ஒருமுறை கசிந்திருக்கிறது, யாரோ கடைக்கு ஓடியிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

தடிமனை மேல்சட்டத்தில் அளக்காதீர்கள், சுவரில் அளக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறாக இருப்பது உண்டு. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதால் இங்கே இரண்டு மூன்று மில்லிமீட்டர்கூடப் பெரிய வேறுபாடு. 60 சென்டிமீட்டர் உயரத் தொட்டிக்கு 12 மில்லிமீட்டருக்குக் குறைந்த சுவர் என்றால் எனக்குத் தயக்கம்தான்.

பிறகு கேள்விகள். எந்த ஆண்டு செய்தது? எப்போது தண்ணீர் வடித்தீர்கள்? வடித்த பிறகு எங்கே வைத்திருந்தீர்கள்? எதைக் கொண்டு துடைத்தீர்கள்? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் அக்ரிலிக்கின் மேல் சாராயம், தின்னர், அசிட்டோன், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் இவற்றில் எது பட்டாலும் நுண்வெடிப்பு வந்துவிடக்கூடும். கொவிட் காலத்தில் கதவுக் கைப்பிடி முதல் காய்கறிப் பைவரை சாராயக் கிருமிநாசினி தெளித்துத் துடைத்த வீடுகள் நம்முடையவை. விற்பதற்கு முன் “நன்றாகச் சுத்தம் செய்துவிட்டேன்” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், எதைக் கொண்டு என்று கேட்பதில் தவறில்லை.

துருவ ஒளியில் பார்த்தால் உள்ளிறுக்கம் வண்ணங்களாகத் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். கணினித் திரையை வெள்ளையாக்கிப் பின்னால் வைத்து, துருவ வடிகட்டி உள்ள கறுப்புக் கண்ணாடி வழியே பார்ப்பது. இயற்பியல் சரிதான். ஆனால் மற்ற பல நெகிழிகளைவிட அக்ரிலிக்கில் இந்த விளைவு மிக மங்கல். வண்ணம் தெரிந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். தெரியவில்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தண்ணீர் நிரப்பிச் சோதிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நாள் முழுக்க நின்றது, ஒரு சொட்டும் வரவில்லை, ஆகவே பாதுகாப்பானது என்பது பரவலான நம்பிக்கை. அக்ரிலிக் இன்று தாங்கும் சுமையை என்றென்றைக்கும் தாங்கும் என்பதில்லை. நெடுநாள் சுமையில் அது மெல்ல மெல்ல நெகிழும், நுண்வெடிப்புகளும் மெல்ல வளரும். எனவே ஒரு நாள் சோதனை அந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்கிறது. உருப்படியான சோதனை வேறு. தொட்டியைச் சமமான, அடிப்பாகம் முழுவதையும் தாங்கும் மேடையில் வையுங்கள். நான்கு மூலை மட்டும் தாங்கினால் போதாது. மூன்றில் ஒரு பங்கு வீதம், நடுவே நேரம் விட்டு நிரப்புங்கள். இணைப்புகளின் கீழே மெல்லிழைத்தாள் வைத்தால் சிறு ஈரமும் தெரியும். முன்சுவரின் குறுக்கே நூலை இழுத்துப் பிடித்து, நடுப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் பிதுங்கியிருக்கிறது என்று முதல் நாளும் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் குறித்துவையுங்கள். முதல் ஓரிரு நாள் பிதுக்கம் சற்றுக் கூடுவது இயல்பு. பிறகு நின்றுவிட வேண்டும். ஏழாம் நாளிலும் கூடிக்கொண்டே போனால் நிற்கும் எண்ணம் அதற்கு இல்லை.

சொல்ல மறக்கக் கூடாதது: மீனில்லாத தொட்டியில் ஒரு வாரத் தண்ணீர் என்பது ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கும்வரை ஏறத்தாழப் போதுமான காலம். இறுக மூடிவையுங்கள். இல்லாவிட்டால் சோதனை முடிவை உங்களுக்கு முன்னால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வந்து பார்த்துவிடுவார்.

மீனுக்குப் பாதுகாப்பா என்ற கேள்வி தனி. வியப்பாக, இதில்தான் பழைய அக்ரிலிக் தொட்டி நல்ல பெயர் வாங்குகிறது. பழைய கண்ணாடித் தொட்டியின் சிலிக்கோன், முந்தைய உரிமையாளர் ஊற்றிய மருந்துகளைப் பிடித்துவைத்திருக்கக்கூடும். செம்பு கலந்த மருந்தென்றால் இறாலுக்கும் நத்தைக்கும் ஆபத்து. சிலிக்கோனே இல்லாத அக்ரிலிக்கில் அந்தத் தொல்லை குறைவு. நீர்த்த வினிகரால் உப்புப் படிவத்தைக் கழுவி, நீர்த்த குளோரின் வெளுப்பானால் கிருமி நீக்கி, நன்றாக அலசி, குளோரின் நீக்கியும் இட்டால் பெரும்பாலும் போதும். பாத்திரம் தேய்க்கும் நார் மட்டும் வேண்டாம். உள்ளே முகர்ந்து பாருங்கள். தின்னர் வாடையோ பூச்சிமருந்து வாடையோ வந்தால், அதில் மீன் தவிர வேறு எதையோ வைத்திருக்கிறார்கள். விட்டுவிடுங்கள்.

ஆனால் நான் “பாதுகாப்பு” என்று அழுத்திச் சொல்வது மீனை மட்டும் நினைத்தல்ல. நம்மில் பெரும்பாலோர் அடுக்குமாடியில் இருக்கிறோம். 432 லிட்டர் நம் வரவேற்பறையோடு நிற்காது. கதவிடுக்கில் மின்தூக்கிவரை போகும், கீழ்வீட்டுக் கூரையில் ஊறும். தொட்டிக்குக் கீழேயே மின் இணைப்புப் பலகை வைக்கும் பழக்கம் வேறு நமக்கு உண்டு. தரையைப் பற்றியும் கணக்குப் பார்க்க வேண்டும். குடியிருப்புகளின் தரை பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்ற அடிப்படையில் வடிவமைக்கப்படுகிறது. நாம் சொன்ன தொட்டி நிரம்பினால், தண்ணீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 600 கிலோ. அறை முழுவதும் பரவிய சுமைக்கான கணக்கு அது என்பதால் தொட்டி வைத்ததும் தரை இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் அறையின் நடுவில் வைக்காமல், உத்தரத்தின் மேல் அமைந்த சுவரோரமாக வைப்பதும், இதைவிடப் பெரிய தொட்டி என்றால் தகுதிபெற்ற பொறியாளரைக் கேட்பதும் நியாயம். காப்புறுதி எடுத்திருப்பவர்கள், மீன் தொட்டியால் வரும் வெள்ளத்தை அது ஈடுசெய்யுமா என்று ஒப்பந்தத்தில் படித்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு பயமுறுத்தலுக்குப் பதில் புதியதையே வாங்கிவிடச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. பழைய அக்ரிலிக் தொட்டிகளைக் குப்பைக்கு அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. அக்ரிலிக்கைச் சூடாக்கி அதன் மூலப்பொருளுக்கே திருப்ப முடியும் என்றாலும், புளோக்கின் கீழே நாம் விட்டுவரும் ஒற்றைத் தொட்டிக்கு அந்த யோகம் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. இருக்கும் தொட்டியைத் தகுந்த வேலைக்கு மாற்றுவதே புத்திசாலித்தனம்.

ஆழத்தின் கணக்கு இங்கே நமக்கு உதவிக்கு வருகிறது. அதே தொட்டியில் 60 சென்டிமீட்டருக்குப் பதில் 40 மட்டும் நிரப்பினால் முன்சுவரின் மேல் விசை 216 கிலோவிலிருந்து 96 கிலோவாக இறங்கும். 30 என்றால் 54 கிலோ, கால்பங்கு. சந்தேகத்துக்குரிய, ஆனால் வெளிப்படையான சேதமில்லாத தொட்டியைப் பாதி ஆழத்தில் இறாலுக்கோ, தண்ணீரும் நிலமுமாகச் செடி வளர்க்கவோ வைத்துக்கொள்ளலாம். அடிமூலையில் வெடிப்போ, விட்டுப்போன இணைப்போ இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. பாதி ஆழத்திலும் அடியில் பாதி அழுத்தம் இருக்கத்தான் செய்யும். அப்படிப்பட்டதைத் தண்ணீரே இல்லாமல் செடிக்கூண்டாக்கலாம். பூனை புகாது.

விற்பவர்களிடம் ஒன்று கேட்பேன். செய்த ஆண்டு, சுவரின் தடிமன், கடைசியாகத் தண்ணீர் இருந்த மாதம், எப்போதாவது பழுது பார்த்தது உண்டா என்ற நான்கு விவரங்களை விளம்பரத்தில் போடுங்கள். விற்க முடிவு செய்துவிட்டால் வாங்குபவர் வரும்வரை தண்ணீரை வடிக்காதீர்கள். மீனை வேறிடம் மாற்றிய பிறகும் வடிகட்டி ஓடட்டும். அவர் வந்து, நிரம்பிய தொட்டியைச் சுற்றி நடந்து, டார்ச் அடித்துப் பார்த்த பிறகு வடித்துக்கொள்ளலாம். தூக்கிச் செல்லும்போது ஈரத்துணி ஒன்றை உள்ளே விரித்து, மேலே நெகிழித்தாள் சுற்றி, வெயில் படாமல் கொண்டுபோகச் சொல்லுங்கள். புதிய இடத்தில் மேடை தயாராக இருந்தால் அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கு நிரப்பிவிடலாம்.